டிக்கெட் வாங்கும் இடத்திலேயே தொடங்கும் யாத்திரை



வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29-ந் தேதி கொடி ஏறும். தேவமாதாவின் பிறந்த திருநாளாகிய செப்டம்பர் 8-ந் தேதி பெரிய திருநாள். வழக்கம்போல் நம் பங்கிலிருந்தும் பல குடும்பங்கள் நேர்த்திக்கடன் செலுத்தப் புறப்படும். கால்நடையாய்ப் போகிறவர்களும் உண்டு. பஸ்ஸில் போகிறவர்களும் உண்டு. ஆனால் நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கே 2010-ஆம் வருடத்தில் இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் குழந்தை குட்டிகளோடு இரயிலில் போகிறவர்கள் அநேகர். ஆகையால் இந்த வாரம் இரயில் பயணத்தைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறோம்.

"பங்குப் பத்திரிகையில் இரயில் சமாசாரமா?" என்று சிலர் புருவத்தை உயர்த்தலாம். யாத்திரை எங்கே தொடங்குகிறது என்று அவர்களைக் கேட்கிறோம். கோயில் வாசலில் என்பீர்களானால், அதற்கு முந்திய பத்து மணி நேரம் யாருக்குச் சொந்தம்? டிக்கெட் வாங்கும் ஜன்னலருகே பொய் சொல்லி, ஏறும்போது கிழவியைத் தள்ளி, பெட்டியில் அடுத்தவன் இடத்தைப் பிடித்துக்கொண்டு போய், மாதாவின் பாதத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினால் அது என்ன யாத்திரை? இரயில்வேக்காரர் எழுதிவைத்த ஒவ்வொரு சட்டத்தின் பின்னாலும் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு அயலான் நிற்கிறான். அந்த அயலானை நேசிக்கும்படிதான் சேசுநாதர் நமக்குக் கற்பித்தார்.

முதலில் கால அட்டவணையைப் பார்ப்போம்.

1856-ஆம் வருடம் ஜூலை 1-ந் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போயிற்று. அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு நேரம். தன் தலைக்கு நேரே சூரியன் வந்தால் அந்த ஊருக்கு மத்தியானம். மாட்டுவண்டிக்கு அது போதும், இரயிலுக்குப் போதாது. ஒரே பாதையில் எதிரும் புதிருமாய் இரண்டு வண்டிகள் வரும்போது இந்த ஊர்க் கடிகாரமும் அந்த ஊர்க் கடிகாரமும் வெவ்வேறு நேரம் காட்டினால் கதி என்ன? ஆகவே பல்லாண்டுகளாக இந்திய இரயில்கள் சென்னை வான ஆராய்ச்சி நிலையத்தின் நேரத்தையே பொதுநேரமாகக் கொண்டு ஓடின. 1906-ஆம் வருடம் ஜனவரி 1-ந் தேதிதான் இன்றைய இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. அது சென்னை நேரத்தைவிட ஏறக்குறைய 9 நிமிடம் முந்தியது.

இதை ஏன் சொல்லுகிறோம்? கால அட்டவணை என்பது, எல்லாரும் தங்கள் சொந்தக் கடிகாரத்தை விட்டுக்கொடுத்து ஒரே கடிகாரத்துக்கு உட்பட்டதால் உண்டானது. அதில் அச்சிட்ட ஒவ்வொரு நிமிடமும் பொதுச் சொத்து. "மாமா இன்னும் படி ஏறி வருகிறார், ஒரு நிமிடம்தானே" என்று அபாயச் சங்கிலியை இழுக்கிறவன் அந்தப் பொதுச் சொத்திலிருந்து எடுக்கிறான். சங்கிலியை இழுத்தவுடன் பிரேக் குழாயிலுள்ள காற்று வெளியேறி வண்டி நிற்கும். எந்தப் பெட்டி என்று தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்த பின்னரே மறுபடியும் புறப்பட முடியும். ஒற்றைப் பாதையானால், அடுத்த ஸ்டேஷனில் வழிவிட்டு நிற்கும் எதிர்வண்டியும் காத்துக் கிடக்கவேண்டும். அந்த வண்டிகளில் பிரசவத்துக்குப் போகிற பெண் இருக்கலாம். பரீட்சைக்குப் போகிற பையன் இருக்கலாம். தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கப் போகிற மகன் இருக்கலாம். நியாயமான காரணமின்றிச் சங்கிலி இழுத்தால் 1989-ஆம் வருட இரயில்வே சட்டத்தின்படி ஒரு வருடம்வரை சிறை, அல்லது 1,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. மாமாவுக்கு உதவ விரும்பினால் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாக அவரைப் புறப்படச் சொல்லுங்கள். அதுவே நல்ல உதவி.

அடுத்து, தேதி. நன்றாகப் படித்தவர்களும் தடுமாறும் இடம் இது. இரயில் நேரம் 24 மணிக் கணக்கு. நள்ளிரவு 12 மணி அடித்ததும் தேதி மாறிவிடும். செப்டம்பர் 7-ந் தேதி 00.15 மணி வண்டி என்று டிக்கெட்டில் போட்டிருந்தால், நீங்கள் ஸ்டேஷனுக்கு வரவேண்டியது 6-ந் தேதி இரவு. அப்படியிருக்க, 7-ந் தேதி பகலெல்லாம் மூட்டை கட்டி, இரவு சாப்பிட்டு, பதினொரு மணிக்குப் பிளாட்பாரத்தில் வந்து நிற்கிறவர்கள் உண்டு. அவர்கள் வண்டி போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும்! பத்துக் கன்னியர் உவமையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அதிலும் மணவாளன் வந்தது நள்ளிரவில்தான். எண்ணெய் வாங்கப் போன ஐந்து பேரும் கெட்டவர்கள் என்று சேசுநாதர் சொல்லவில்லை. முன்யோசனை இல்லாதவர்கள், அவ்வளவுதான். கதவு அடைபட அதுவே போதுமாயிருந்தது. இன்றிரவே டிக்கெட்டை எடுத்து, தேதியையும் மணியையும் குடும்பத்தார் எல்லாருக்கும் கேட்கும்படி ஒருமுறை வாசியுங்கள்.

டிக்கெட் வாங்கும் விதத்துக்கு வருவோம். 2024-ஆம் வருடம் நவம்பர் 1-ந் தேதி முதல் பயண நாளுக்கு 60 நாள் முன்புதான் முன்பதிவு திறக்கிறது. முன்பு 120 நாளாயிருந்தது. செப்டம்பர் 7-ந் தேதி புறப்பட விரும்புகிறவருக்கு ஜூலை 9-ந் தேதி காலை 8 மணிக்கு வழி திறக்கும். அதைத் தவறவிட்டவர்களுக்குத் தட்கல் உண்டு. வண்டி தொடக்க நிலையத்திலிருந்து புறப்படும் நாளுக்கு முந்திய நாளில், குளிர்வசதிப் பெட்டிகளுக்குக் காலை 10 மணிக்கும் மற்றவற்றுக்கு 11 மணிக்கும் அது திறக்கும். ஆனால் இடம் உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. இடம் கிடைக்கவில்லை என்று, கள்ளத்தனமாய் டிக்கெட் விற்கும் தரகரிடம் போகாதீர்கள். அந்த வியாபாரத்துக்கு மூன்று வருடம்வரை சிறையும் 10,000 ரூபாய்வரை அபராதமும் சட்டத்தில் இருக்கின்றன. அவன் அள்ளிக்கொண்ட இடங்கள், காலை முதல் வரிசையில் கால் கடுக்க நின்ற ஏழைக்குக் கிடைத்திருக்க வேண்டியவை.

டிக்கெட்டில் மூன்று விதமான எழுத்துகளைக் காண்பீர்கள். உறுதியானது என்றால் உங்களுக்கென ஒரு படுக்கை உண்டு. ஆர்.ஏ.சி. என்றால் வண்டியில் ஏறலாம். ஆனால் பக்கவாட்டிலுள்ள கீழ்ப் படுக்கையில் இருவர் பங்கிட்டு உட்காரவேண்டும். யாராவது வராமற்போனால் படுக்கை கிடைக்கும். காத்திருப்புப் பட்டியல் என்றால் முன்பதிவுப் பெட்டியில் உங்களுக்கு இடமில்லை. கைபேசியில் எடுத்த காத்திருப்பு டிக்கெட், பட்டியல் தயாரானபின்னும் இடம் கிடைக்காவிட்டால் தானே ரத்தாகிப் பணம் திரும்பும். கவுண்டரில் வாங்கியதானால் அதைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கும் பெட்டியில் ஏறக்கூடாது. "கோயிலுக்குப் போகிறவர்கள்தானே, கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்" என்று இரவு முழுவதும் பிறர் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு போவது பக்தி ஆகாது. முன்பதிவு செய்தவனும் மனிதன். மறுநாள் காலை வேலைக்குப் போகவேண்டியவனாயிருக்கலாம்.

இன்னும் இரண்டு காரியம். முதலாவது, டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் போட்டிருக்கிறதோ அங்கேயே ஏறுங்கள். சென்னை எழும்பூர் என்று எழுதியிருக்க, "நாங்கள் விழுப்புரத்தில் ஏறிக்கொள்வோம்" என்று இருந்துவிட்டால், பரிசோதகர் உங்கள் இடத்தை ஆர்.ஏ.சி. பயணிக்குக் கொடுத்துவிடலாம். ஏறும் இடத்தை மாற்ற விரும்பினால் முன்கூட்டியே முறைப்படி மாற்றுங்கள். மாற்றியபின் பழைய இடத்தில் ஏற உரிமை இல்லை. இரண்டாவது, ஒருவர் பெயரிலுள்ள டிக்கெட்டில் இன்னொருவர் போகக்கூடாது. தகப்பன், தாய், சகோதரன், சகோதரி, மகன், மகள், கணவன், மனைவி ஆகியோருக்கு மாத்திரம், புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்னதாக எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். அடையாள அட்டையின் அசலை மறவாதீர்கள்.

இனி, இந்தப் பிரசங்கத்தின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். பெற்றோர்களே, சற்றுக் கவனியுங்கள்.

ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். ஐந்து நிரம்பிப் பன்னிரண்டு நிரம்பாத குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டாமென்றால் பாதிக் கட்டணம். வேண்டுமென்றால் 2016-ஆம் வருடம் ஏப்ரல் 21-ந் தேதி முதல் முழுக் கட்டணம். பன்னிரண்டு நிரம்பினால் முழு டிக்கெட். சட்டம் இவ்வளவுதான்.

நடக்கிறது என்ன? பையனுக்கு ஆறு வயது நிரம்பி மூன்று மாதம் ஆயிற்று. ஜன்னலுக்குள்ளிருந்து, "பையனுக்கு வயதென்ன?" என்று கேட்கிறார்கள். தாய், "நாலு" என்கிறாள். பையன் தலையை உயர்த்தித் தாயின் முகத்தைப் பார்க்கிறான். போன பிறந்தநாளில் அவனே ஆறு மெழுகுதிரியை எண்ணி ஊதினவன். "யாராவது கேட்டால் நாலு என்று சொல்லடா" என்று தகப்பன் காதில் ஓதுகிறான். அன்று அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சிய பணம் சில ரூபாய். பையன் படித்த பாடமோ ஆயுள் முழுவதும் போதும்: பணம் மிஞ்சுமானால் பொய் சொல்லலாம், மாதாவைத் தேடிப் போகிற வழியிலும் சொல்லலாம், சொல்லித் தருகிறவர்கள் அம்மாவும் அப்பாவும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் உபதேசியார் எட்டாம் கட்டளையை விளக்குவார். பையன் மனப்பாடமாய் ஒப்பிப்பான். ஆனால் எந்தப் பாடம் அவன் உள்ளத்தில் தங்கும்? வகுப்பில் கேட்டதா, டிக்கெட் ஜன்னலருகே கேட்டதா? பத்து வருடம் கழித்து அவன் உங்களிடமே பொய் சொல்லும்போது, "இந்தப் பிள்ளை யாரைப்போலப் பிறந்தது?" என்று கண்ணீர் விடாதீர்கள்.

கையில் பணமில்லாத கஷ்டம் நமக்குத் தெரியாததல்ல. நாலு பிள்ளைகளோடு பயணம் செய்வது கூலி வேலை செய்கிறவனுக்குப் பெரிய பாரம். அப்படியானால் இந்த வருடம் இரண்டு பேர் போங்கள். அல்லது அடுத்த வருடம் போங்கள். அல்லது நம் கோயிலிலுள்ள மாதா பீடத்தின் முன் ஒன்பது நாள் முழங்காலில் நில்லுங்கள். தேவமாதா வறுமை அறிந்தவள். தேவாலயத்தில் பாலனைக் காணிக்கையாக்கினபோது ஏழைகளின் காணிக்கையான இரண்டு புறாக்களைக் கொடுத்தவள் அவள். உங்கள் கையிலிருப்பது குறைவு என்று அவள் முகம் சுளிக்கமாட்டாள்.

முன்பு இப்படிச் செய்துவிட்டோமே என்று மனம் குத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடமை ஏழாம் கட்டளையில் அடங்கியிருக்கிறது. அரசாங்கத்தின் பணம் யாருடைய பணமும் அல்ல என்று நினைப்பது தப்பு. அது எல்லாருடைய பணமும்தான். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுங்கள். பின்பு, கொடுக்காமல் விட்ட தொகைக்குச் சமமாய் ஒரு சாதாரண டிக்கெட் வாங்கி, பயணம் செய்யாமல் விட்டுவிடுங்கள். யாருக்கும் தெரியவேண்டாம், கடன் தீரும். முடிந்தால் பிள்ளையையும் கூட அழைத்துப் போய், ஏன் என்று அவனுக்குச் சொல்லுங்கள். அன்று அவன் படிப்பது வேறொரு பாடம். டிக்கெட்டே இல்லாமல் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம்: பிடிபட்டால் பயணக் கட்டணத்தோடு, அதே அளவு தொகையோ 250 ரூபாயோ எது அதிகமோ அதையும் கட்டவேண்டும். பிடிபடாவிட்டாலும் சர்வேசுரனுடைய கணக்கில் அது எழுதப்பட்டிருக்கிறது.

இனி வண்டியில் ஏறுவது. இறங்குகிறவர்கள் முதலில் இறங்கட்டும். ஓடும் வண்டியில் ஏறாதீர்கள். பாதையைக் குறுக்கே கடவாமல் மேம்பாலத்தில் போங்கள். படியில் தொங்காதீர்கள். 2018-ஆம் வருடம் ஜூலை 24-ந் தேதி சென்னைப் பரங்கிமலை ஸ்டேஷனில் நடந்ததை மறக்க முடியுமா? வேறு பாதையில் திருப்பிவிடப்பட்ட மின்சார இரயிலில் படியில் தொங்கிவந்தவர்கள் பக்கச் சுவரில் மோதி விழுந்தார்கள், சிலர் உயிரிழந்தார்கள். காலையில் வேலைக்கென்று வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்பட்டவர்கள் அவர்கள். வண்டியில் இடமில்லாத கஷ்டம் மெய்தான். ஆனாலும் உயிர் நமக்குச் சொந்தமல்ல. நம் கையில் ஒப்புவிக்கப்பட்டது. அதை ஒரு படியில் தொங்கவிட நமக்கு உத்தரவில்லை.

நெருப்பு விஷயத்தில் அதிக எச்சரிக்கை தேவை. 2023-ஆம் வருடம் ஆகஸ்டு 26-ந் தேதி விடியற்காலையில் மதுரை இரயில் நிலையத்தருகே நிறுத்திவைத்திருந்த ஒரு சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்தது. வடநாட்டிலிருந்து புண்ணிய ஸ்தலங்களைத் தரிசிக்க வந்தவர்கள் அதில் இருந்தார்கள். சட்டத்துக்கு விரோதமாய்க் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டரே காரணம். 9 பேர் மாண்டார்கள். அவர்களும் நம்மைப்போல் பக்தியோடு புறப்பட்டவர்கள். ஆகையால் ஸ்டவ், மண்ணெண்ணெய், பட்டாசு எதுவும் வேண்டாம். இத்தகைய ஆபத்தான பொருளை இரயிலில் கொண்டுபோனால் மூன்று வருடம்வரை சிறை உண்டு. பெட்டிக்குள் மாதா படத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றுகிற வழக்கம் யாருக்காவது இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். மெழுகுவர்த்தியின் இடம் வேளாங்கண்ணி, இரயில் பெட்டியல்ல.

பெட்டிக்குள் ஒழுங்கு என்ன? இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரைதான் நடுப் படுக்கையைப் போட்டுப் படுக்கலாம். மற்ற நேரத்தில் கீழே எல்லாரும் உட்கார இடம் விடவேண்டும். வயதானவர்க்கும் கர்ப்பிணிகளுக்கும் மேல் படுக்கை கிடைத்திருந்தால், நம் வாலிபர்கள் கேட்குமுன்னே தங்கள் கீழ்ப் படுக்கையைக் கொடுக்கட்டும். தூங்கும் பெட்டியில் ஒருவருக்கு 40 கிலோ சாமான் இலவசம், அதற்குமேல் வேண்டாம். குடும்பமாய் ஜெபமாலை சொல்லுவது மெத்த நல்லது. ஆனால் இரவு பத்து மணிக்குமேல் ஐம்பது பேர் சேர்ந்து உரத்த குரலில் பாடினால், அதே பெட்டியிலுள்ள பிற மதத்தவர் நம் மாதாவைப் பற்றி என்ன நினைப்பார்கள்? தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். பரலோகத்துக்கு அது கேட்கும்.

கடைசியாக, பிள்ளைகளை எண்ணுங்கள். ஏறினவுடன் எண்ணுங்கள், இறங்கினவுடன் எண்ணுங்கள். திருக்குடும்பமே யாத்திரையில் பிள்ளையைத் தவறவிட்டதல்லவா? பாலனுக்குப் பன்னிரண்டு வயது. சூசையப்பரும் தேவமாதாவும், உறவினர் கூட்டத்தோடு வருகிறார் என்று எண்ணி ஒரு நாள் வழி நடந்தபின்பே தேடத் தொடங்கினார்கள். மூன்றாம் நாளில் கண்டடைந்தார்கள். அவ்வளவு பரிசுத்த தாய் தகப்பனுக்கே அது நேர்ந்ததென்றால், திருநாள் கூட்டத்தில் நாம் எம்மாத்திரம்! ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் தகப்பன் பெயரும் கைபேசி எண்ணும் எழுதிய சீட்டை வையுங்கள். இரயிலில் எந்த உதவிக்கும் 139. தவறிய பிள்ளைகளுக்கு 1098. இவ்விரண்டு எண்களையும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்குங்கள்.

ஆகவே, பிரியமான கிறிஸ்தவர்களே, மூன்று தீர்மானம் செய்வோம். ஒன்று: எங்கள் குடும்பத்தில் யாரும் டிக்கெட்டில் வயதைக் குறைத்துச் சொல்லமாட்டோம். இரண்டு: எங்களுக்கு உரிமையில்லாத இடத்தில் உட்காரமாட்டோம், உரிமையுள்ள இடத்தையும் பலவீனருக்கு மனதார விட்டுக்கொடுப்போம். மூன்று: நேரத்துக்கு முன்னே வந்து நிற்போம், எங்களுக்காக யாரையும் காக்கவைக்கமாட்டோம். இந்த மூன்றையும் அனுசரித்துப் போகிறவர்கள் கொடிமரத்தைக் காணுமுன்பே யாத்திரையின் பாதிப் பலனை அடைந்துவிட்டார்கள் என்று துணிந்து சொல்லுகிறோம்.

நமக்கெல்லாம் இன்னொரு பயணமும் உண்டு. அந்த வண்டிக்கு அச்சிட்ட அட்டவணை கிடையாது. அதில் பிறர் பெயரில் ஏற முடியாது. சங்கிலி இழுத்து நிறுத்தவும் முடியாது. அதற்கு ஆயத்தமாவது எப்படி என்று கேட்கிறவர்கள் சிறிய பயணங்களில் நேர்மையாயிருக்கப் பழகட்டும். ஆரோக்கிய மாதா உங்கள் பயணத்தில் துணையிருந்து, உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் சுகமாய் வீடு சேர்ப்பாளாக.

ஆமென்.